ஆன்டிபயாடிக் பட்டதும் பாக்டீரியாவின் எம்ஆர்என்ஏ ஏன் நீண்ட நேரம் நிலைக்கிறது?

மரபணுவின் உத்தரவை டிஎன்ஏவிலிருந்து நகலெடுத்து, புரதம் கட்டும் ரைபோசோம்களுக்குக் கொண்டுசெல்லும் மூலக்கூறு எம்ஆர்என்ஏ. பாக்டீரியாவில் அது அற்ப ஆயுள் கொண்டது. ஈ. கோலியின் முழு மரபணுத் தொகுதியையும் அளந்து 2002ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஐந்தில் நான்கு எம்ஆர்என்ஏக்களின் அரை ஆயுள் (இருப்பதில் பாதி சிதைய ஆகும் நேரம்) 3 முதல் 8 நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. மனித செல்களில் இதே மூலக்கூறு மணிக்கணக்கில் நிலைக்கும். பாக்டீரியாவுக்கு அந்த வசதி வேண்டாம். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் உயிரி அது. சூழல் மாறினால் பழைய உத்தரவுகளை உடனே அழித்துவிட்டுப் புதியவற்றை எழுத வேண்டும். 1961ல் சிட்னி பிரென்னர், ஃபிரான்சுவா ஜேக்கப், மேத்யூ மெசல்சன் ஆகியோர் எம்ஆர்என்ஏ என ஒன்று இருப்பதை நிரூபித்தபோது, சட்டென உருவாகிச் சட்டென மறையும் இந்தக் குணம்தான் அவர்களுக்கு முக்கியத் தடயம்.

இந்த பாக்டீரியாவின் மேல் குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ரைபோசோம்கள் நின்றுவிடும், புரத உற்பத்தி முடங்கும். எம்ஆர்என்ஏவுக்கு என்ன ஆகும்? செல்லே சீர்குலைந்து கிடக்கிறது, எம்ஆர்என்ஏவும் சீக்கிரம் சிதைந்துவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. பெரும்பாலான எம்ஆர்என்ஏக்கள் வழக்கத்தைவிட நீண்ட நேரம் நிலைக்கின்றன. டெட்ராசைக்ளினும் ஃபுசிடிக் அமிலமும் இதையே செய்கின்றன. ஆனால் பியூரோமைசினைக் கொடுத்தால் சிதைவு வேகமெடுக்கிறது. இவை எல்லாமே புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்துகள்தான். அப்புறம் ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை தேடினால், ஆன்டிபயாடிக் ஆய்வுகளில் வரும் எம்ஆர்என்ஏ கணக்குகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் பிடிபடும்.

முதலில் எம்ஆர்என்ஏ எப்படிச் சிதைகிறது என்று பார்த்துவிடலாம். ஈ. கோலியில் இந்த வேலையின் நடுநாயகம் ஆர்என்ஏஸ்-ஈ என்ற நொதி. செல்லின் உட்சவ்வை ஒட்டி இருந்துகொண்டு, ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகளில் அடினினும் யுராசிலும் மிகுந்த, மடிப்பு விழாத ஒற்றை இழைப் பகுதிகளைத் தேடி வெட்டும். பிஎன்பேஸ் என்ற நொதி, ஆர்என்ஏவின் மடிப்புகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் ஒன்று, சர்க்கரைச் சிதைவில் பங்கெடுக்கும் ஈனோலேஸ் ஆகியவையும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன. இந்தக் கூட்டுக்கு டிகிரடோசோம் என்று பெயர். ஆர்என்ஏஸ்-ஈ நடுவில் வெட்டிப்போட்ட துண்டுகளை பிஎன்பேஸ் போன்றவை இழையின் வால் பக்கமான 3′ முனையிலிருந்து அரித்துக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சும் தனி நியூக்ளியோடைடுகள், அதாவது ஆர்என்ஏ இழையின் கண்ணிகள், புதிய ஆர்என்ஏ கட்டப் போய்விடும்.

ஆர்என்ஏஸ்-ஈ எம்ஆர்என்ஏவின் தலைப்பக்கமான 5′ முனையையும் தொட்டுப் பார்க்கும். புதிதாகப் பிறந்த எம்ஆர்என்ஏவுக்கு அந்த முனையில் மூன்று பாஸ்பேட் இருக்கும். அது ஒன்றாகக் குறைந்தால் வெட்டு சுலபமாகிறது. இப்படிக் குறைத்துக் கொடுப்பதில் ஆர்பிபிஎச் என்ற நொதிக்குப் பங்கு உண்டு என்று ஜோயல் பெலாஸ்கோவின் குழு 2008ல் காட்டியது. ஆகவே 5′ முனையில் என்ன இருக்கிறது என்பது ஆயுளையே தீர்மானித்துவிடும். வெளிச்சவ்வுப் புரதமான ஓம்ப்-ஏவின் எம்ஆர்என்ஏ வேகமாக வளரும் ஈ. கோலியில் 15 நிமிடத்துக்கு மேல் அரை ஆயுள் கொண்டது. காரணம், அதன் 5′ முனையில் ஒரு கொண்டை ஊசி மடிப்பு இருக்கிறது. நொதிக்குப் பிடி கிடைப்பதில்லை. மடிப்பை நீக்கினால் அதுவும் மற்றவை போலச் சீக்கிரம் போய்விடும்.

எல்லா பாக்டீரியாவிலும் இதே ஏற்பாடு என்று நினைக்கக் கூடாது. பேசில்லஸ் சப்டிலிஸில் ஆர்என்ஏஸ்-ஈ கிடையாது. அங்கே ஆர்என்ஏஸ்-ஒய் நடுவில் வெட்டும். ஆர்என்ஏஸ்-ஜே1, 5′ முனையிலிருந்தே ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு போகும். பாக்டீரியாவில் 5′ பக்கமிருந்து தின்னும் நொதியே கிடையாது என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஆர்என்ஏஸ்-ஜே1க்கு அந்தத் திறன் இருப்பது 2007ல்தான் தெரியவந்தது. பின்னால் எரித்ரோமைசின் கதைக்கு வரும்போது இந்த நொதி மறுபடி தேவைப்படும்.

சரி, சில நிமிடங்களில் மறையும் ஒன்றின் ஆயுளை எப்படி அளப்பது? புதிய உற்பத்தியை முழுதாக நிறுத்திவிட்டு, இருப்பது எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்று பார்க்க வேண்டும். நிறுத்துவதற்குக் கையில் உள்ள சிறந்த கருவியும் ஓர் ஆன்டிபயாடிக்தான். 1962ல் பேசில்லஸ் சப்டிலிஸில் ஆக்டினோமைசின்-டி கொண்டு இப்படி அளந்தார்கள். பிற்பாடு அந்த இடத்துக்கு ரிஃபாம்பிசின் வந்தது. காசநோய்ச் சிகிச்சையின் தூண்களில் ஒன்றான அதே மருந்துதான்.

ரிஃபாம்பிசின், டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏவை எழுதும் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதியின் பீட்டா துணையலகில் போய் ஒட்டிக்கொள்ளும். புதிய ஆர்என்ஏ வெளியே வர வேண்டிய வழியை அது அடைத்துவிடுவதால், இரண்டு மூன்று நியூக்ளியோடைடு நீளத்துக்கு மேல் ஆர்என்ஏ வளர முடியாது. ஆனால் அதற்கு முன்பே வேலையைத் தொடங்கி, பாதி வழியில் போய்க்கொண்டிருக்கும் பாலிமரேஸை அது தொடுவதில்லை. அவை தங்கள் மரபணுவின் கடைசி வரை எழுதி முடித்துவிட்டுத்தான் இறங்கும்.

இந்தச் சின்ன விவரத்தைக் கவனிக்காமல் விட்டால் அளவீடு தவறிவிடும். லாக்டோஸை உடைக்கும் நொதிக்கான லாக்-இசட் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் 3,075 நியூக்ளியோடைடு. பாலிமரேஸ் நொடிக்கு 45 நியூக்ளியோடைடு வேகத்தில் போவதாக வைத்தால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 68 நொடி ஆகும். ரிஃபாம்பிசின் கொடுத்த பிறகும் ஒரு நிமிடத்துக்கு மேல் மரபணுவின் வால் பகுதி எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். அப்போது அளந்தால் தலைப்பகுதி குறையத் தொடங்கியிருக்கும், வால் பகுதி சற்றும் குறையாமல் நிற்கும். வால் அதிக நிலைத்தன்மை உடையது என்று முடிவு கட்டத் தோன்றும். உண்மையில் அங்கே இன்னும் உற்பத்தி ஓயவில்லை, அவ்வளவுதான். பல மரபணுக்கள் ஒரே இழையில் வரிசையாக எழுதப்படும் ஓப்பரான்களில் இந்தத் தாமதம் பல நிமிடமாகக்கூட நீளும். அரை ஆயுளே நான்கைந்து நிமிடம் என்னும் உலகத்தில் இது சிறிய பிழை இல்லை.

ரிஃபாம்பிசின் இன்னொரு விதத்திலும் அளவீட்டில் குறுக்கிடுகிறது. புதிய எம்ஆர்என்ஏ நின்றவுடன், ரைபோசோமின் உடலாக அமையும் ரிபோசோமல் ஆர்என்ஏவின் உற்பத்தியும் நின்றுவிடும். நொதிகளுக்கு முன்னால் வந்து குவியும் வேலை குறையும். சவ்வின் மேல் ஆர்என்ஏஸ்-ஈ சிறுசிறு திரள்களாகக் கூடிக் கலைந்துகொண்டிருப்பதை நுண்ணோக்கியில் காணலாம். ரிஃபாம்பிசின் கொடுத்தால் திரள்வது நின்றுபோகும். ஏனெனில் அந்தத் திரள்களுக்கு ஆர்என்ஏ வேண்டும். ஆக நாம் அளக்கும் ஆயுள், மருந்து போடாத செல்லின் ஆயுளுக்கு நெருக்கமானது என்று சொல்லலாமே தவிர, அச்சு அசல் அதுவே என்று சொல்ல முடியாது. இந்தத் துறைக் கட்டுரைகளில் 'அரை ஆயுள்' என்று ஒரு எண்ணைப் பார்த்ததும், எப்படி நிறுத்தினார்கள், எத்தனை நொடியில் முதல் மாதிரியை எடுத்தார்கள் என்று நான் முதலில் தேடுவது இதனால்தான்.

இனி ரைபோசோமைத் தாக்கும் மருந்துகளுக்கு வருவோம். விஷயத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது.

இந்த மருந்துகளை எம்ஆர்என்ஏவின் பார்வையில் இரண்டாகப் பிரிக்கலாம். ரைபோசோமை இழையின் மேலேயே உறைய வைப்பவை ஒரு வகை. குளோராம்ஃபெனிகால், பெரிய துணையலகில் அமினோ அமிலங்கள் கோக்கப்படும் இடத்தை அடைத்துவிடும். டெட்ராசைக்ளின், அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் அடுத்த டிஆர்என்ஏ உட்கார வேண்டிய இடத்தை மறிக்கும். ஃபுசிடிக் அமிலம், ரைபோசோமை ஓரடி முன்னே தள்ளும் இஎஃப்-ஜி என்ற புரதத்தை ரைபோசோமை விட்டு விலக விடாது. மூன்றிலும் ரைபோசோம்கள் இழையைப் பிடித்தபடியே நின்றுவிடும். ரைபோசோமை இழையிலிருந்து இறக்கிவிடுபவை, அல்லது ஏறவே விடாதவை, மற்றொரு வகை. பியூரோமைசின், டிஆர்என்ஏவின் நுனி போல வேடமிட்டு உள்ளே புகும். பாதியில் இருக்கும் புரதச் சங்கிலி அதன் மேல் ஏற்றப்பட்டுக் கழன்று விழும், ரைபோசோமும் இழையை விட்டு இறங்கும். கசுகாமைசின் தொடக்கத்திலேயே தடுக்கும். ஏற்கெனவே ஏறியவை ஓடி முடித்து இறங்கிய பிறகு இழை வெறுமையாகக் கிடக்கும்.

இதை வைத்து ஓர் எளிய விளக்கம் உருவானது. ரைபோசோம்கள் மூடியிருக்கும் இழையில் நொதிக்கு வெட்ட இடமில்லை, ஆகவே எம்ஆர்என்ஏ பிழைக்கிறது. ரைபோசோம்கள் விலகினால் வெட்டுமிடங்கள் வெளியே தெரிகின்றன, ஆகவே எம்ஆர்என்ஏ அழிகிறது. கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் எழுதி முடித்துவிடலாம். இதில் உண்மையும் இருக்கிறது. ரைபோசோம் ஏறும் இடத்தைப் பிறழ்வு மூலம் கெடுத்துவிட்டால் பல எம்ஆர்என்ஏக்கள் சீக்கிரம் சிதைவதை எத்தனையோ சோதனைகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் 1998ல் மார்க் டிரைஃபஸின் குழு ஒரு நேரடியான கேள்வியைக் கேட்டது. ரைபோசோம் காவல்தான் காரணம் என்றால், ரைபோசோமே ஏறாத ஓர் எம்ஆர்என்ஏவைக் குளோராம்ஃபெனிகால் காப்பாற்றக் கூடாது அல்லவா? லாக்-இசட் எம்ஆர்என்ஏவை மொழிபெயர்க்கப்படாத நிலையில் வைத்துச் சோதித்தார்கள். மருந்து கொடுத்ததும் அதுவும் நிலைபெற்றது. காவலுக்கு ஆளே இல்லாத இழையும் பிழைத்துக்கொண்டது. காவல் என்ற விளக்கத்தால் மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் காரணம் நொதியின் பக்கம் இருக்க வேண்டும். அவர்கள் சுட்டியது இதைத்தான். குளோராம்ஃபெனிகால் கொடுத்ததும் புரத உற்பத்தி நிற்கிறது. செலவாகாத அமினோ அமிலங்கள் செல்லில் தேங்குகின்றன, அவற்றைச் சுமந்த டிஆர்என்ஏக்களும் தேங்குகின்றன. அமினோ அமிலப் பஞ்சத்தை அறிவிக்கும் பிபிஜிபிபி என்ற சமிக்ஞை மூலக்கூறு இதனால் சரிகிறது. ரிபோசோமல் ஆர்என்ஏ உற்பத்திக்குப் போட்டிருந்த கடிவாளம் அதுதான். கடிவாளம் தளர்ந்ததும் ரிபோசோமல் ஆர்என்ஏ ஏராளமாக உற்பத்தியாகிறது, அதனோடு சேர வேண்டிய புரதங்களோ வருவதில்லை. ஆர்என்ஏஸ்-ஈ எம்ஆர்என்ஏவை மட்டும் வெட்டும் நொதி இல்லை. ரிபோசோமல் ஆர்என்ஏவைச் செதுக்கிச் சீராக்குவதும் அதன் பொறுப்பு. முழுமையடையாத ரிபோசோமல் ஆர்என்ஏ இப்படி வெள்ளமாக வந்து நின்றால் நொதியின் கையெல்லாம் அதிலேயே சிக்கிக்கொள்கிறது. எம்ஆர்என்ஏவைக் கவனிக்க ஆள் போதவில்லை.

எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடித்தமானது. மருந்து ஒட்டுவது ரைபோசோமில். விளைவு தெரிவதோ, ரைபோசோமையே பார்க்காத ஓர் இழையின் ஆயுளில். நடுவே அமினோ அமிலம், சமிக்ஞை மூலக்கூறு, ரிபோசோமல் ஆர்என்ஏ, நொதியின் பணிச்சுமை என நான்கு கண்ணிகள். ஆர்என்ஏஸ்-ஈ தன் பணிச்சுமையைத் தானே உணரும் ஏற்பாடும் உண்டு. அந்த நொதிக்கான எம்ஆர்என்ஏவின் தொடக்கப் பகுதியை அந்த நொதியே வெட்டும். கை நிறைய வேறு வேலை இருந்தால் தன் எம்ஆர்என்ஏவை வெட்ட நேரமிருக்காது. அது பிழைத்து, மேலும் நொதியை உருவாக்கும். சாதாரண நாட்களில் இந்த ஏற்பாடு நன்றாக நடக்கும். புரத உற்பத்தியே நின்ற செல்லில் அந்த எம்ஆர்என்ஏ பெருகியும் பயனில்லை.

அதற்காகக் காவல் விளக்கத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதில்லை. சில எம்ஆர்என்ஏக்களில் ரைபோசோம் நிற்கும் இடமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதற்கு எரித்ரோமைசினும் எர்ம்-சி மரபணுவும் மிக அழகான சான்று.

எர்ம்-சி, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் கண்டெடுக்கப்பட்ட பிளாஸ்மிட் (தனியாகப் பெருகும் சிறு டிஎன்ஏ வளையம்) ஒன்றில் உள்ள எதிர்ப்பு மரபணு. அது உருவாக்கும் நொதி, ரைபோசோமின் 23எஸ் ஆர்என்ஏவில் 2058ஆம் இடத்து அடினினில் மீத்தைல் தொகுதிகளை ஏற்றிவிடும். அதன்பின் எரித்ரோமைசினால் அங்கே ஒட்ட முடியாது. ஆனால் மருந்து இல்லாதபோது இந்த நொதி செல்லுக்கு வீண் சுமை. அதனால் அந்த எம்ஆர்என்ஏ தன்னைத் தானே மடித்து, நொதிக்கான தொடக்கக் குறியை உள்ளே ஒளித்து வைத்திருக்கும். அதற்கு முன்னால் 19 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட ஒரு குட்டி முன்னோடிப் புரதத்துக்கான பகுதி இருக்கிறது.

எரித்ரோமைசின் கொஞ்சமாக, செல்லைக் கொல்லாத அளவில் உள்ளே வந்ததும் என்ன நடக்கிறது? மருந்து ஒட்டிய ரைபோசோம் அந்தக் குட்டிப் புரதத்தைக் கோக்கத் தொடங்கி, ஒன்பது அமினோ அமிலம் சேர்ந்த கட்டத்தில் சிக்கி நின்றுவிடும். எங்கே வேண்டுமானாலும் நிற்பதில்லை. அந்த வரிசையும் மருந்தும் சேர்ந்துதான் அதை அந்த இடத்தில் நிறுத்துகின்றன. நின்ற ரைபோசோம் மடிப்பைக் கலைத்துவிடுகிறது. ஒளிந்திருந்த தொடக்கக் குறி வெளியே வருகிறது. மருந்து ஒட்டாமல் மிச்சமிருக்கும் வேறொரு ரைபோசோம் அங்கே ஏறி, எதிர்ப்பு நொதியை உருவாக்கிவிடுகிறது.

இது வரை 1980 வாக்கிலேயே தெரிந்த சங்கதி. 1987ல் டேவிட் பெக்ஹோஃபரும் டேவிட் டுப்னாவும் இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். பேசில்லஸ் சப்டிலிஸில் எர்ம்-சி எம்ஆர்என்ஏவின் அரை ஆயுள் சாதாரணமாக 2 நிமிட அளவில்தான். எரித்ரோமைசின் இருக்கும்போது அது 40 நிமிட அளவுக்கு எகிறுகிறது. செல்லின் மற்ற எம்ஆர்என்ஏக்கள் இப்படி எகிறுவதில்லை. எர்ம்-சியின் தொடக்கப் பகுதியை மட்டும் வெட்டி வேறொரு மரபணுவின் முன்னால் ஒட்டினாலும், பின்னால் வரும் இழை முழுவதும் எரித்ரோமைசினால் நிலைபெறுகிறது. ஆயிரம் நியூக்ளியோடைடுக்கு மேல் நீளும் இழையை, அதன் தலைமாட்டில் நிற்கும் ஒரே ஒரு ரைபோசோம் காக்கிறது.

அது எப்படி முடியும் என்ற கேள்விக்கு ஆர்என்ஏஸ்-ஜே1 பற்றிய கண்டுபிடிப்பு நல்ல வெளிச்சம் தந்தது. 5′ முனையிலிருந்து தின்றுகொண்டு வரும் நொதிக்கு எதிரே ரைபோசோம் வழிமறித்து நின்றால், பின்னால் எவ்வளவு நீளம் இருந்தாலும் நொதி அங்கே போய்ச் சேராது. இழை முழுக்க ரைபோசோம்கள் அடைத்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. ஸ்டஃபைலோகாக்கஸின் எர்ம்-ஏ மரபணுவும், குளோராம்ஃபெனிகாலைச் செயலிழக்கச் செய்யும் கேட் மரபணுவும் தத்தம் மருந்துகளால் இதே பாணியில் நிலைபெறுவதை அடுத்து வந்த ஆண்டுகளில் கண்டார்கள்.

சிகிச்சையின் கோணத்தில் பார்த்தால் இது கவலைக்குரிய திறமை. புதிய எம்ஆர்என்ஏவை எழுதும்படி எந்தச் சமிக்ஞையும் போகத் தேவையில்லை. எப்போதும் சிறிதளவு எழுதப்பட்டு, இரண்டு நிமிடத்தில் வீணாகிக்கொண்டிருந்த எம்ஆர்என்ஏவை மருந்தே பிடித்து நிறுத்துகிறது. எதிர்ப்புக்கான உத்தரவு குவிகிறது, அதைப் படிக்கும் வழியும் அதே நொடியில் திறக்கிறது. மீத்தைல் ஏறிய ரைபோசோம்கள் பெருகப் பெருக, சிக்கி நிற்கும் ரைபோசோம்கள் குறையும். எம்ஆர்என்ஏவும் பழையபடி அற்ப ஆயுளுக்குத் திரும்பும். தேவைக்கு மட்டும் செலவு செய்யும் ஏற்பாடு.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மியூபிரோசின், ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தை டிஆர்என்ஏவில் ஏற்றும் நொதியை முடக்கி, செல்லுக்குச் செயற்கையாக அமினோ அமிலப் பஞ்சத்தை உண்டாக்கும். குளோராம்ஃபெனிகாலுக்கு நேர் எதிராக பிபிஜிபிபி ஏறுகிறது. ஆனாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் பல எம்ஆர்என்ஏக்கள் நிலைபெறுகின்றன. எல்லாவற்றையும் பிபிஜிபிபியின் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதற்கு இதுவே போதும். பெனிசிலின் குடும்பம் செல்சுவரைத் தாக்குவது; எம்ஆர்என்ஏ ஆயுளில் அதன் விளைவு பெரும்பாலும் சுற்றுவழியில் வருவது. செல்சுவருக்கான சர்க்கரையை உருவாக்கும் ஜிஎல்எம்-எஸ் நொதியின் எம்ஆர்என்ஏ மட்டும் இங்கே குறிப்பிடத்தக்கது. அந்தச் சர்க்கரை குறைந்தால் ஈ. கோலியில் ஜிஎல்எம்-இசட் என்ற சிறிய ஆர்என்ஏ பிழைத்து நின்று, அந்த எம்ஆர்என்ஏவோடு இணைந்து அதையும் காப்பாற்றுகிறது. சர்க்கரை மிகுந்தால் ஆர்என்ஏஸ்-ஈ அந்தச் சிறிய ஆர்என்ஏவை வெட்டிவிடும். அந்த நொதியை முடக்கும் இயற்கை ஆன்டிபயாடிக்குகளுக்கு பாக்டீரியா ஈடுகொடுக்க இது ஒரு வழி.

இதுவரை எம்ஆர்என்ஏ நிலைபெறும் கதைகளையே அதிகம் பார்த்தோம். எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. பல பாக்டீரியாக்களில் நச்சும் முறிவும் இணையாக இருக்கும் மரபணு ஜோடிகள் இருக்கின்றன. மாஸ்-எஃப் என்ற நச்சு, அடினின்-சைட்டோசின்-அடினின் என்ற மூன்றெழுத்து வரும் இடத்தில் எம்ஆர்என்ஏவை வெட்டும். ரெல்-ஈ, ரைபோசோமுக்குள் புகுந்து அங்கே இருக்கும் எம்ஆர்என்ஏவையே வெட்டும். முறிவுப் புரதம் சீக்கிரம் அழியக்கூடியது. மருந்தால் புரத உற்பத்தி நின்றால் முறிவு தீர்ந்து நச்சு விடுபடும், எம்ஆர்என்ஏ நொறுங்கும், செல் உறக்கத்துக்குப் போய் மருந்திலிருந்து தப்பும் என்று ஒரு கருத்து வெகு செல்வாக்கோடு இருந்தது. ஈ. கோலியில் இத்தகைய பத்து ஜோடிகளை நீக்கினால் மருந்துக்குத் தப்பும் செல்கள் வெகுவாகக் குறைகின்றன என்று 2011ல் வந்த ஒரு புகழ்பெற்ற கட்டுரை அதற்கு முக்கிய ஆதாரம். அந்தச் சோதனையில் பயன்பட்ட பாக்டீரியா வகைகளில் ஃபை-80 என்ற வைரஸ் புகுந்திருந்தது பின்னர் தெரியவந்து, 2018ல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நச்சு நொதிகள் எம்ஆர்என்ஏவை வெட்டுவது உண்மை. அதனால்தான் பாக்டீரியா மருந்துக்குத் தப்புகிறது என்று இன்னும் பல இடங்களில் தயங்காமல் எழுதுகிறார்கள். அந்த உறுதிக்கு இப்போது ஆதாரம் போதாது.

இனி இந்த அறிவு நடைமுறையில் எங்கே உரசுகிறது என்று பார்க்கலாம். ஆன்டிபயாடிக் கொடுத்த பாக்டீரியாவின் எம்ஆர்என்ஏக்களின் எழுத்து வரிசையை மொத்தமாகப் படித்து, எது கூடியது, எது குறைந்தது என்று பட்டியல் போடுவது இன்று வழக்கமான சோதனை. கூடியதை 'மருந்தால் தூண்டப்பட்ட மரபணு' என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு தொட்டியின் நீர்மட்டம் ஏறினால் மேலே குழாயைத் திறந்திருக்கலாம், அல்லது கீழே வடிகால் அடைத்திருக்கலாம். மட்டத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஓர் எம்ஆர்என்ஏவின் அரை ஆயுள் 4 நிமிடம், மருந்துக்கு முன் அதன் அளவு 1 என்று கொள்வோம். மருந்தால் அரை ஆயுள் 16 நிமிடம் ஆகிறது, உற்பத்தி வேகம் மாறவில்லை. அளவு மெல்ல ஏறி 4ல் போய் நிற்கும். 16ஆம் நிமிடத்தில் அளந்தால் 2.5 இருக்கும். மரபணுவை யாரும் தூண்டவில்லை, ஆனாலும் இரண்டரை மடங்கு. இப்போது உற்பத்தி வேகம் பாதியாகக் குறைந்ததாகவும் வைத்துக்கொள்வோம். அப்போதும் 16ஆம் நிமிடத்தில் அளவு 1.5. செல் அந்த மரபணுவின் உற்பத்தியைப் பாதியாக்கிவிட்டது, பட்டியலிலோ அது 'கூடியது' பக்கம் வந்து உட்கார்ந்திருக்கும்!

போதாததற்கு, இத்தகைய சோதனைகள் தருவது பெரும்பாலும் ஒப்பீட்டு அளவு. மொத்த எம்ஆர்என்ஏவும் கூடியோ குறைந்தோ போயிருந்தால் அது கண்ணில் படாது. எல்லா மாதிரியிலும் தெரிந்த அளவு அந்நிய ஆர்என்ஏவைக் கலந்து, அதோடு ஒப்பிட்டால்தான் உண்மையான ஏற்ற இறக்கம் தெரியும். மரபணுவின் தலையும் வாலும் வெவ்வேறு திசையில் போகும் சிக்கலும் உண்டு. குளோராம்ஃபெனிகால் ரைபோசோமைத் தாமதப்படுத்தினால், முன்னால் போகும் பாலிமரேஸுக்கும் பின்னால் வரும் ரைபோசோமுக்கும் இடையே வெற்று ஆர்என்ஏ நீளும். ரோ என்ற புரதம் அதைப் பிடித்து, எழுதுவதைப் பாதியில் நிறுத்திவிடும். அப்போது ஒரே ஓப்பரானின் தலைப்பகுதி நிலைபெற்றுக் கூடும், வால்பகுதி எழுதப்படாமல் குறையும். எந்தப் பகுதியை அளந்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவே தலைகீழாகிவிடும்.

மருந்து கொடுத்த சில நிமிடங்களில் எம்ஆர்என்ஏ எப்படி மாறுகிறது என்று பார்த்து, ஒரு கிருமி அந்த மருந்துக்குப் பணியுமா என்று கண்டறியும் சோதனைகள் வளர்ந்துவருகின்றன. கிருமி வளரும் வரை காத்திருக்காமல் சில மணி நேரத்தில் விடை கிடைக்கும் என்பது அவற்றின் பலம். நோயறிய மட்டும் என்றால் அளவு ஏன் மாறியது என்று தெரியாமலே போனாலும் பெரிய குறையில்லை. பணியும் கிருமியும் பணியாத கிருமியும் வேறு வேறு மாதிரி மாறினால் போதும். ஆனால் மருந்துக்கு மருந்து அந்த மாற்றத்தின் நேரம் வேறுபடும். ரிஃபாம்பிசினுக்குப் பணியும் கிருமியில் குறுகிய ஆயுள் எம்ஆர்என்ஏ நிமிடங்களில் வடிந்துவிடும். டெட்ராசைக்ளினுக்குப் பணியும் கிருமியில் அதே எம்ஆர்என்ஏ அப்படியே நிற்கலாம், கூடவும் செய்யலாம்.

காசநோய்க் கிருமியில் இது இன்னும் நுட்பமாகிறது. உயிருள்ள கிருமியை இறந்த கிருமியிலிருந்து பிரித்தறிய சளியில் எம்ஆர்என்ஏவைத் தேடும் முறைகள் 1990களிலிருந்தே உண்டு. டிஎன்ஏ இறந்த செல்லிலும் நெடுநாள் கிடக்கும், எம்ஆர்என்ஏ சீக்கிரம் மறையும் என்பதுதான் அடிப்படை. நன்றாக வளரும் காசநோய்க் கிருமியில் எம்ஆர்என்ஏவின் சராசரி அரை ஆயுள் 9.5 நிமிடம் என்று 2013ல் அளந்தார்கள். ஆக்சிஜன் குறைந்தாலோ குளிரில் வைத்தாலோ அது பன்மடங்கு நீள்கிறது. நோயாளியின் நுரையீரலில் காற்றுப் புகாத கட்டிகளுக்குள் இருப்பது இப்படி மந்தமாகிவிட்ட கிருமிதான். அங்கே எம்ஆர்என்ஏ கிடைத்தால், செல் இப்போது எதையோ எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருளாகாது. முன்பு எழுதியது இன்னும் அழியாமல் இருக்கலாம்.

சிதைவையே குறிவைத்து மருந்து செய்யும் முயற்சியும் நடக்கிறது. ஆர்என்ஏஸ்-ஈ இல்லாமல் ஈ. கோலியால் வாழ முடியாது. அதே நொதி மனித செல்களில் இல்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் ஆர்என்பி-ஏ என்ற புரதத்தைத் தடுக்கும் சிறு மூலக்கூறு எம்ஆர்என்ஏ சிதைவைக் குறைத்து, கிருமியின் வளர்ச்சியையும் முடக்குவதாக 2011ல் ஓர் ஆய்வு வெளியானது. அப்படி ஒரு மருந்து வந்தால் அதை எதனோடு சேர்த்துக் கொடுப்பது என்பதை மிகவும் யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். ரிஃபாம்பிசின் புதிய எம்ஆர்என்ஏவை நிறுத்திக் கிருமியைப் பட்டினி போடுகிறது. சிதைவைத் தடுக்கும் மருந்து பழைய எம்ஆர்என்ஏவைப் பாதுகாத்து அந்தப் பட்டினியைத் தள்ளிப்போடக்கூடும். எரித்ரோமைசினோடு சேர்த்தால் எர்ம்-சி போன்ற எதிர்ப்பு மரபணுக்களின் எம்ஆர்என்ஏ, மருந்து வருவதற்கு முன்பே குவிந்து கிடக்க வாய்ப்புண்டு. இத்தகைய சேர்க்கைகளை, கிருமி வளர்கிறதா இல்லையா என்பதோடு நிறுத்தாமல், எம்ஆர்என்ஏவின் உற்பத்தியையும் சிதைவையும் தனித்தனியே அளந்து சோதித்தால்தான் எது எதைக் கெடுக்கிறது என்று தெரியும்.